வலி நின்றுவிட்டதே, ரூட் கேனாலைத் தள்ளிப்போடலாமா?

வாசகர் கேள்விகள் – பல் மருத்துவர் குழுவின் பதில்கள்

ரூட் கேனால் (பல்லின் வேருக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து, சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) செய்யச் சொன்ன பல்லை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டலாம் என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள். பணம், விடுப்பு, தேர்வு, பிரசவம், வெளிநாட்டுப் பயணம் என்று காரணங்கள் வேறு வேறு. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கீழ் இடது கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. இரண்டு வாரம் ராத்திரி தூங்கவே விடவில்லை. ரூட் கேனால் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும்வரை விடுப்பு எடுக்க முடியாது. இப்போது வலி தானாகவே நின்றுவிட்டது. ஏப்ரல் கடைசிவரை இப்படியே விட்டுவிடலாமா?
– ஆசிரியை, திண்டுக்கல்

இரண்டு வாரம் தெறித்த பல் தானாக அடங்கிவிட்டதென்றால், பெரும்பாலும் உள்ளேயிருந்த நரம்பு செத்துவிட்டது என்றுதான் பொருள். சொத்தைக்குத் தானாக ஆறும் பழக்கம் கிடையாது.

பல்லின் நடுவில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அடங்கிய மென்மையான கூழ் இருக்கிறது. சொத்தை அதை நெருங்கும்போது முதலில் ஜில்லென்று ஏதாவது பட்டால் சுருக்கென்று கூசும், அதை எடுத்ததும் சில நொடிகளில் அடங்கிவிடும். இந்தக் கட்டத்தில் வந்தால் சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே பெரும்பாலும் போதும். அடுத்த கட்டத்தில் கூச்சம் அரை நிமிடத்துக்கு மேல் நீடிக்கும். சூடான காபி பட்டால் உயிர் போகும், ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போதும் விண்விண்ணென்று தெறிக்கும், படுத்தால் தலைக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் இன்னும் மோசமாகும். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு மடக்கு வாயில் நிறுத்தியபடி கிளினிக்குக்கு வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் இந்தக் கட்டத்தின் கடைசியில் இருப்பவர்கள். கெட்டியான பல் சுவருக்குள் வீங்க இடமில்லாமல் கூழ் நசுங்கிச் சாகிறது. செத்த பிறகு வலி இராது.

கிருமிகள் மட்டும் அங்கேயே இருக்கும். இரத்த ஓட்டம் இல்லாத இடத்தில் அவற்றைத் தடுக்க ஆளில்லை. வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கும். ஒரு நாள் அந்தப் பல் மற்றவற்றைவிடச் சற்று உயர்ந்துவிட்ட மாதிரி தோன்றும், கடித்தால் வலிக்கும், பிறகு கன்னம் வீங்கும். எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் அது தேர்வு நடக்கும் வாரமாகவும் இருக்கலாம்.

அதனால் நாங்கள் சொல்வது இதுதான்: சிகிச்சையை முடிப்பதைத் தள்ளிப்போடுங்கள், தொடங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். ரூட் கேனாலை ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, "முதல் சிட்டிங் மட்டும் செய்து மூடிவிடுங்கள், மீதியை மே மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அன்று சொத்தை முழுவதையும் எடுத்து, கூழறையைத் திறந்து, செத்த கூழை நீக்குவார்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் வேர்க்கால்களை, அதாவது வேருக்குள் ஓடும் மெல்லிய குழாய்களைக் கழுவிச் சுத்தம் செய்து, கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற வெள்ளைப் பசையை உள்ளே வைத்து, மேலே தற்காலிக சிமென்டால் அடைப்பார்கள். காரத்தன்மை மிகுந்த அந்தப் பசை, மிச்சமிருக்கும் கிருமிகளை அடக்கி வைக்கும்.

இதில் கோட்டை விடும் இடம் மேலே இருக்கும் தற்காலிக அடைப்பு. அது குறைந்தது மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். அதைவிட மெல்லியதாக இருந்தால் எச்சில் ஓரமாகக் கசிந்து உள்ளே போய்விடும். போட்டதெல்லாம் வீண். சாதாரண தற்காலிக சிமென்ட்டை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நம்ப முடியாது. உங்களுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் தேவை என்பதால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிளாஸ் அயனோமர் போன்ற உறுதியான சிமென்டால் மேல்பக்கத்தை அடைத்துத் தருவார்கள். எதிர்ப்பல் இடிக்காமல் கடி மட்டத்தையும் லேசாகக் குறைத்துவிடுவார்கள். பசையின் வீரியமும் நாளாக ஆகக் குறையும். மாதம் ஒருமுறை அதை மாற்றிக்கொள்ள அரை மணி நேரம் போதும்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு மணி நேரம் எதையும் மெல்லாதீர்கள். முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், பாக்கு போன்றவற்றை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். சிமென்ட் மேலே கொஞ்சம் தேய்ந்தால் பயமில்லை. ஓரத்தில் பிளவு தெரிந்தாலோ, நாக்கு வைத்தால் குழி தட்டுப்பட்டாலோ, வாயில் கசப்புச் சுவை வந்தாலோ ஓரிரு நாளில் போய் மறுபடி அடைத்துக்கொள்ளுங்கள். மூடி இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் செய்த வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

இன்னொன்றும் உண்டு. மேலே சுவர் இல்லாத பல்லுக்கு ரூட் கேனால் செய்தும் பயனில்லை. பல்லுக்கு மேல் உறையாக மாட்டும் கேப் பிடித்து நிற்க, ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் நல்ல பல் வேண்டும். இன்று அந்த அளவு இருந்தால் பல் தப்பும். வலியில்லை என்று விட்டுவைத்து, ஒரு நாள் சாப்பிடும்போது ஒரு சுவர் ஈறுக்குக் கீழே உடைந்துபோனால் பிடுங்குவது தவிர வழியில்லை. தாமதத்தால் வரும் வலியைவிட இந்த நஷ்டம்தான் பெரிது.

மெடிக்கல் ஷாப்பில் பல்வலி என்றால் மூன்று நான்கு மாத்திரை ஒரு கவரில் போட்டுத் தருகிறார்கள். இரண்டு நாளில் கேட்கிறது. இப்படியே சமாளிக்கலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், சேலம்

அந்தக் கவரில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வாயு மாத்திரை இருக்கும். வலியைக் குறைப்பது முதலாவது மட்டும். பல்லுக்குள் கூழ் வீங்கித் தெறிக்கும் வலிக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. இரத்த ஓட்டம் குறைந்த இடத்துக்கு மருந்து போய்ச் சேராது, சேர்ந்தாலும் அங்கே நடப்பது வீக்கம். காய்ச்சல், பரவும் வீக்கம், கழுத்தில் நெறி கட்டுதல் இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். அதையும் டாக்டர் பார்த்து, பல்லைத் திறந்துவிடுவதோடு சேர்த்துத் தர வேண்டும். அரைகுறையாக இரண்டு நாள் போட்டு நிறுத்துவது உடம்பில் மருந்துக்கு மசியாத கிருமிகளை வளர்க்கும் வேலை.

வலிக்கு எடுப்பதானால், வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு ஐபுப்ரோஃபென் 400 மி.கி., கூடவே பாராசிட்டமால் 500 மி.கி. இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்வதால் சேர்த்து எடுத்தால் நன்றாகக் கேட்கும். சாப்பிட்ட பிறகு, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஐபுப்ரோஃபென் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். பாராசிட்டமால் எல்லாம் சேர்த்து 3 கிராமைத் தாண்டக் கூடாது. சளி, காய்ச்சலுக்குப் போடும் மாத்திரைகள் பலவற்றிலும் அது இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். இரண்டும் ஒரே மாத்திரையில் கலந்தே விற்பதும் உண்டு. அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு எடுங்கள்.

வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரை போட்டால் மூச்சிரைக்கும் ஆஸ்துமா, இருதய நோய், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கர்ப்பம் – இவற்றில் எது இருந்தாலும் ஐபுப்ரோஃபென் உங்களுக்கு இல்லை, பாராசிட்டமால் மட்டும். டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலும் இருந்தால் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டையும் தொடாதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் வைத்துக்கொள்வது இன்னொரு பழக்கம். அது ஈறை வெள்ளையாக வெந்துபோகச் செய்யும்.

மூன்று நாளுக்கு மேல் மாத்திரை தேவைப்படுகிறது என்றால் நீங்கள் வலியைச் சமாளிக்கவில்லை, சிகிச்சையை ஒத்திவைக்கிறீர்கள். இரவில் தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைத்துப் படுங்கள், ஓரளவு வித்தியாசம் தெரியும்.

கிராம்பு எண்ணெய் வைக்கலாமா? எங்கள் ஊரில் எருக்கம்பால் விடுவார்கள். கண்டங்கத்தரி விதைப் புகை பிடித்தால் புழு விழும் என்கிறார் பாட்டி.
– கல்லூரி மாணவர், தேனி

கிராம்பு எண்ணெய்க்கு உண்மையிலேயே வேலை உண்டு. அதிலுள்ள யூஜெனால் நரம்பை மரக்கச் செய்யும். பல் மருத்துவர்கள் தற்காலிக சிமென்டில் துத்தநாக ஆக்சைடுடன் கலப்பதும் அதே யூஜெனால்தான். ஆனால் நேரடியாக ஈறில் பட்டால் சுடும். ஒரு துளியை நான்கு ஐந்து துளி தேங்காய் எண்ணெயில் கலந்து, சிறு பஞ்சு உருண்டையில் தொட்டுப் பிழிந்து, குழிக்குள் மட்டும் வையுங்கள். சில நிமிடங்கள் கழித்து எடுத்துவிடுங்கள். பஞ்சை உள்ளேயே விட்டுவிட்டால் உணவும் கிருமியும் ஊறித் தங்கும். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், விழுங்கினால் ஆபத்து.

எருக்கம்பால் வேண்டவே வேண்டாம். அது பட்ட இடம் வெந்து புண்ணாகும், தெறித்துக் கண்ணில் விழுந்தால் பார்வையே பாதிக்கும். பல்லில் புழு கிடையாது, சொத்தையை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் அவற்றுக்கு நாம் போடும் சர்க்கரையும். பாட்டியிடம் சண்டை போட வேண்டாம், புகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது நல்லது: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, நாளைக்கு மூன்று நான்கு முறை. ஊசி, ஊக்கு, தீக்குச்சியால் குழியைக் குத்தாதீர்கள். பல் இடுக்கு நூலோ மென்மையான பிரஷ்ஷோ போதும்.

பத்து நாளில் தோஹா கிளம்புகிறேன். அடைத்த பல் உடைந்து, உள்ளிருந்த சிமென்டும் விழுந்துவிட்டது. ரூட் கேனால் வேண்டியிருக்கும் என்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். விமானத்தில் வலிக்குமா?
– வாசகர், ராமநாதபுரம்

வலிக்கலாம். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். பல்லுக்குள்ளோ அரைகுறை அடைப்புக்குக் கீழேயோ சிக்கிய காற்று விரியும். ஏற்கெனவே வீங்கிய கூழ் என்றால் நடு வானத்தில் பல் தெறிக்கும். பத்து நாள் முதல் சிட்டிங்குக்குத் தாராளம். நரம்பை எடுத்து மருந்து வைத்து மூடிய பல்லோடு பறப்பதில் சிக்கல் இல்லை. எக்ஸ்ரேயையும், எந்தப் பல், எத்தனை வேர்க்கால் சுத்தம் செய்தார்கள், என்ன மருந்து வைத்தார்கள் என்ற குறிப்பையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். மேல் கடைவாய்ப் பல்லில் பல சமயம் நான்கு வேர்க்கால் இருக்கும். இங்கே மூன்றைச் சுத்தம் செய்து நான்காவது மிச்சம் இருந்தால், அங்கே பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும்வரை இரண்டு மூன்று நாள் சமாளிக்க, துத்தநாக ஆக்சைடு கலந்த தற்காலிக அடைப்புப் பசை பெரிய மருந்துக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. வாயை உப்புநீரில் கொப்பளித்து, இடுக்கில் சிக்கியதை நூலால் எடுங்கள். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சை வைத்துக் குழியை உலர்த்துங்கள். ஈரமாக இருந்தால் பசை ஒட்டாது, பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். மிளகு அளவு உருட்டி வைத்து, ஈரப் பஞ்சுக் குச்சியால் அழுத்தி, மெல்லக் கடித்து மட்டம் பாருங்கள். உயர்ந்து நிற்கும் மிச்சத்தை உடனே வழித்துவிடுங்கள், உயரமான அடைப்பு கடிக்கும்போதெல்லாம் வேரை இடிக்கும். பல் விண்விண்ணென்று தெறித்தாலோ, சீழ் வந்தாலோ, வீக்கம் இருந்தாலோ அடைக்கவே கூடாது. உள்ளே சேரும் சீழும் வாயுவும் வெளியேற வழியில்லாமல் வலி பல மடங்காகும்.

உடைந்த ஓரம் நாக்கைக் கிழிக்கிறதா? கிளிப் போட்டவர்கள் பயன்படுத்தும் பல் மெழுகைச் சிறிது ஒட்டிக்கொள்ளுங்கள். ஃபெவிக்விக் போன்ற பசைகளை வாய்க்குள் கொண்டுபோகாதீர்கள். கழன்று வந்த கேப்பை வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பல்செட் ஒட்டும் பசையால் பகலில் மட்டும் பொருத்தலாம், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். தூக்கத்தில் கழன்று மூச்சுக்குழாய்க்குள் போனால் பல் பிரச்சினை நுரையீரல் பிரச்சினையாகிவிடும்.

அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. ஆறு மாதமாக ரூட் கேனால் வேண்டாம் என்று தள்ளிப்போட்டு வந்தார். நேற்றிலிருந்து கீழ்த் தாடைக்கு அடியில் வீக்கம், லேசான காய்ச்சல். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம். ஞாயிறு கழித்துக் கூட்டிப்போகலாமா?
– வாசகி, விழுப்புரம்

இந்தக் கடிதத்துக்கு அஞ்சலிலேயே உடனே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே: ஞாயிறு வரை காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

கீழ்த் தாடையின் கடைசிப் பற்களின் வேர் நுனி, நாக்குக்கு அடியிலுள்ள தசைக்குக் கீழே முடிகிறது. அங்கிருந்து கிளம்பும் சீழ் தாடைக்கு அடியில், கழுத்தை நோக்கி இறங்கும். இரண்டு பக்கமும் பரவி நாக்கைத் தூக்கிவிட்டால் மூச்சு அடைக்கும். லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1836இல் விவரித்த நோய் இது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை, எச்சிலை விழுங்க முடியாமல் வடிகிறது, குரல் மாறுகிறது, நாக்கு மேலே தூக்குகிறது, மூச்சுத் திணறுகிறது – ஒன்று இருந்தாலும் 108ஐ அழைத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், பல் கிளினிக்குக்கு அல்ல. மேல் பல்லில் சீழ் பிடித்துக் கண் இமை வீங்கி மூடிக்கொண்டாலும் அதே வேகம் வேண்டும்.

ஒத்தடத்தை நிறுத்துங்கள். சூடு வீக்கத்தைக் கூட்டும். கன்னத்தில் போடும் சுண்ணாம்பு, மஞ்சள் பற்றும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை வெளிப்பக்கம் பத்து நிமிடம் வைக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இருவழிப் பாதை: சர்க்கரை கூடினால் சீழ் வேகமாகப் பரவும், சீழ் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. வாய் வலிக்கிறது என்று சாப்பிடாமல் இன்சுலினை மட்டும் போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வீட்டிலேயே ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஐந்தாவது மாதம். பிரசவம் முடியட்டும் என்கிறார்கள் வீட்டில். – வாசகி, கோவை

வீட்டில் சொல்வது தப்பு. நான்காவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை பல் சிகிச்சைக்கு ஏற்ற காலம், நீங்கள் அதன் நடுவில் இருக்கிறீர்கள். மரக்க வைக்கும் லிக்னோகெய்ன் ஊசி பாதுகாப்பானது, ஈயக் கவசம் போட்டு எடுக்கும் ஒற்றைப் பல் எக்ஸ்ரேயும் அப்படியே. மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நாற்காலியில் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து படுத்துச் செய்துகொள்ளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் வேண்டாம்.

பல்லுக்கு மேலே ஈறில் ஒரு பரு. அவ்வப்போது உடைந்து உப்புக் கரிக்கிறது, ஒரு வருடமாக வலியே இல்லை. – வாசகர், நாகர்கோவில்

அது சீழ் வெளியேறும் வாசல். வாசல் திறந்திருப்பதால் வலியில்லை, அவ்வளவுதான். கிள்ளாதீர்கள், அடைபட்டால் வீங்கும். வேர்க்காலைச் சுத்தம் செய்தால் பரு தானாக மறையும், தனியாக எந்தக் களிம்பும் தேவையில்லை.

தனியாரில் ரூட் கேனாலுக்கும் கேப்புக்கும் சேர்த்துச் சொல்லும் தொகை எங்களால் முடியாது. பிடுங்கிவிடுவது மேலா? – வாசகர், கடலூர்

எந்தப் பல் என்பதைப் பொறுத்தது. கடைசி ஞானப்பல், அல்லது எதிரே பல்லே இல்லாத மேல் கடைசிப் பல் என்றால் பிடுங்குவதில் நஷ்டம் அதிகமில்லை. மெல்லுவதற்கு உதவும் முதல் கடைவாய்ப் பல் என்றால் யோசியுங்கள். பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாயும், எதிர்ப்பல் இறங்கும். பிறகு பாலம் கட்டவோ இம்பிளான்ட் வைக்கவோ ஆகும் செலவு ரூட் கேனாலைவிட அதிகம்.

கூழ் முழுதும் சாகாத பல்லில், மேல்பகுதியை மட்டும் நீக்கி எம்.டி.ஏ. அல்லது பயோடென்டின் என்ற மருந்தை வைத்து மூடும் சிகிச்சையும் இருக்கிறது. வேர்க்காலைத் தொடாததால் வேலை குறைவு. உங்கள் பல்லுக்குப் பொருந்துமா என்று கேட்டுப்பாருங்கள். உங்கள் மாவட்டத்திலேயே சிதம்பரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையிலும் புதுக்கோட்டையிலும் உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். சிட்டிங் கூடும், ஒவ்வொன்றும் நேரம் பிடிக்கும், காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு எடுக்க வேண்டும்.

பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்றால் ரூட் கேனாலை முதலில் முடித்து, உறுதியான நிரந்தர அடைப்பு போட்டுக்கொண்டு, கேப்பை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். கடைவாய்ப் பல்லில் கேப்பையே விட்டுவிடுவது சரியல்ல. முன்பல்லில் சின்னத் துளை என்றால் பல சமயம் கேப் இல்லாமலே சரியாகிவிடும், அதைத் தேவையில்லாமல் போட்டுக்கொள்ளாதீர்கள்.